முந்நூற்றுப் பதினான்காம் அறையின் ரவுட்டர்

நாற்பத்து மூன்றாம் வயதில், மலைநகரான நாரினின் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டப்படிப்பில் நான் சேர்ந்தேன். மகளிர் விடுதியின் மூன்றாம் மாடியில் என் அறைத்தோழி பெர்மெத், இருபது வயதினள். மாடியிலுள்ள அனைவரும் என்னை ‘எஜே’ என்றே அழைப்பர். மூத்தவளை அவ்வாறு அழைப்பதே முறை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பெர்மெத்துக்கு இணையவழி நேர்காணல் இருந்தது. அண்டை நாட்டின் அல்மாட்டி நகரில் ஓராண்டுப் பயிற்சிக்கு ஓரிடமே உண்டு. அதற்காக அவள் ஈராண்டுகள் உழைத்திருந்தாள். எங்கள் தடித்த சுவர்களைத் தாண்டிக் கைப்பேசி இணையம் வருவதில்லை. பல்கலைக்கழக இணையமே ஒரே வழி. அதனை வலுப்படுத்தவும், என் அச்சுப்பொறியைக் கம்பியின்றி இயக்கவும் எண்ணி, வீட்டிலிருந்து கொணர்ந்த ரவுட்டரை நண்பகலில் சுவரிலுள்ள இணைய முனையில் பொருத்தினேன். கையேட்டை முழுமையாக நோக்கிய பின்னரே பொருத்தினேன்.

ஒரு மணிக்கெல்லாம் மாடி முழுவதும் இணையம் நின்றுபோயிற்று.

பெர்மெத் மடிக்கணினியை ஏந்திச் சன்னலுக்கும் கதவுக்குமாக அலைந்தாள். “சிக்னல் முழுசா காட்டுது, எதுவும் தொறக்க மாட்டேங்குது எஜே! நான் செத்தேன்!”

அவ்வேளையில் கீழ்மாடிப் பெண்கள் தட்டிய மூன்று தட்டுகள் வெப்பநீர்க் குழாயில் ஒலித்தன. சோதனைக்கு ஆள் வருகிறார் என்பது அதன் பொருள். எங்கள் விடுதியில் மின்னடுப்பு வைத்திருப்பது குற்றம். வைத்திராத அறையோ இல்லை. உடனே மாடி முழுவதும் செருகிகள் உருவப்பட்டன. அடுப்புகள் கட்டிலுக்கடியில் மறைந்தன. என் அடுப்பும் ரவுட்டரும் ஒரே மின்பலகையில் இருந்தமையால், நான் அப்பலகையின் கம்பியையே உருவிவிட்டேன்.

வந்தவர் இணையப் பிரிவின் குபாத். விடுதிக் காப்பாளர் சைரா கெரிமோவ்னாவும் உடன் வந்தார்.

“இப்ப நல்லாத்தானே ஓடுது?” என்றார் குபாத்.

“பொண்ணுங்க கத்துனா போதும், மூணு மாடி ஏறி வந்துருவியே!” என்றார் காப்பாளர்.

அவர்கள் இறங்கியதும் அடுப்புகள் வெளிவந்தன, செருகிகள் ஏறின. இணையம் மீண்டும் நின்றது. இரண்டே கால் மணிக்குக் குழாய் மறுபடி தட்டப்பட்டது; எல்லாம் அணைந்தன; இணையம் உயிர்பெற்றது.

குபாத் தலையைச் சொறிந்தார். “நான் வந்தா வருது, நான் போனா போகுது. என்ன, இங்கயே குடியிருக்கச் சொல்றீங்களா?”

“ஆசையப் பாரு! இது பொம்பளைங்க விடுதி அண்ணே!” என்றாள் எதிரறைப் பெண். அனைவரும் சிரித்தனர்.

“சிரிங்க, சிரிங்க. யாரோ சொந்த ரவுட்டரச் சொருகியிருக்கீங்க. இந்த மாடி லைன மொத்தமா நிறுத்திட்டு ஒவ்வொரு ரூமா பாக்கப் போறேன். சாயங்காலம் ஆயிரும்.”

பெர்மெத்தின் முகம் வெளிறியது. தனிப்பட்ட ரவுட்டரை இணைப்பவர் விடுதியை விட்டு வெளியேற்றப்படுவர் என்னும் அறிவிப்பு எங்கள் கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது. என் ஊரோ நான்கு மணி நேரத் தொலைவில். விடுதியை இழந்தால் படிப்பும் இல்லை. எனினும் நான் முன்னே சென்றேன்.

“நிறுத்தாதீங்க தம்பி. அது என்னோடதுதான்.”

குபாத் அறைக்குள் வந்து ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தார். “சுவத்துலேர்ந்து வர்ற ஒயர இந்த நீல ஓட்டைல சொருகணும் எஜே. நீங்க மஞ்சள்ல சொருகியிருக்கீங்க. மாடி முழுக்க உங்க பெட்டிதான் எல்லாருக்கும் தப்புத் தப்பா விலாசம் குடுத்துக்கிட்டு இருந்துருக்கு! புக்குல பாக்கலியா?”

“படத்தப் பாத்தேன். எழுத்தெல்லாம் சீனம்.”

காப்பாளர் அறிவிப்பைச் சுட்டினார். “இதுல என்ன எழுதியிருக்கு? வெளியேத்தணும்!”



“வெளியேத்திருவோம்,” என்று குபாத் ரவுட்டரைத் தம் பைக்குள் போட்டார். “இதோ, வெளியேத்தியாச்சு. பிரிண்டர ஒயர்லயே கம்ப்யூட்டர்ல மாட்டிக்கங்க எஜே. அதுக்கு யாரோட அனுமதியும் வேணாம்.”

காப்பாளர் என்னையும் அச்சுப்பொறியையும் மாறிமாறி நோக்கினார். “இது ஓடுதா? மாசப் பட்டியல் எடுக்க ஆபீஸ் வரைக்கும் பனில நடந்தே என் முட்டி போச்சு. நாளைக்குப் பட்டியல இங்கயே எடுத்துக்கறேன்,” என்று கூறிப் படியிறங்கினார்.

மூன்று மணிக்கு அறைக்கதவு சாத்தப்பட்டது. நாங்கள் எழுவர் நடைக்கூடத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றோம். உள்ளே ஓர் ஆணின் குரல் வினவியது. பெர்மெத்தின் குரல் விடையளித்தது. ஒருமுறையும் அறுபடவில்லை. நாற்பது நிமிடங்களுக்குப் பின் கதவு திறந்தது. அவள் கன்னங்கள் சிவந்திருந்தன.

“செப்டம்பர்லேர்ந்து வரச் சொல்லிட்டாங்க எஜே! அதோட ஒண்ணு சொன்னாங்க. மலைப்பக்கத்துலேர்ந்து இவ்ளோ தெளிவா யாரும் பேசிக் கேட்டதில்லையாம்!”