கண் எரியாத டிவி

வெல்டர் ஜெயவேலு மகளிடம் ஒரு பொய் சொல்லிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். மகள் மாயா கால்பந்தில் கோல்கீப்பர். வெளியூரில் அவள் ஆடிய ஆட்டத்தை முதல் தடவையாக டிவியில் காட்டினார்கள். சாயங்காலமே போன் வந்துவிட்டது.

"நைனா, பாத்தியா?"

"பாக்காம? சூப்பரு!"

"நான் இன்னா கலரு கிளவுஸு போட்டுகினு இருந்தேன்?"

மனுஷன் திருதிருவென்று முழித்தார். "கறுப்பு... தானே?"

"சரி நைனா," என்று வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த 'சரி'தான் அவரைப் போட்டு அறுத்தது.

பாவம், அவர் மேல் குற்றமில்லை. எண்ணூர் யார்டில் வருஷக்கணக்காக வெல்டிங் நெருப்பைப் பார்த்த கண். வியாசர்பாடி வீட்டில் டிவியைப் போட்டால் பத்தே நிமிஷத்தில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும், தண்ணீராய்க் கொட்டும். அந்த ஆட்டத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் பார்த்தார். கண் டாக்டரோ, பெரிய கோளாறு ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அப்போ டிவியதான் மாத்தணும்," என்றாள் மனைவி பச்சையம்மா. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. அதையும் காதால் பார்த்துவிட்டு மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

தண்டையார்பேட்டையில் கடை வைத்திருந்த அத்தாவுல்லா பாய் பழைய தோஸ்து. ஒவ்வொரு டிவிக்கும் முன்னால் மொபைல் கேமராவைப் பிடித்துக் காட்டினார். "கோடு ஓடுதா பாரு. ஓடல இல்ல? அப்போ இது மினுக்காது. கண்ணுக்கு நல்லது." ஜெயவேலு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு சினிமாவே பார்த்தார். எரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார், எரிந்தது. கண்ணாடி போல் பளபளக்காத திரையாகப் பார்த்து மாற்றினார். அதுவும் கடையில் தங்கம், வீட்டில் தகரம்.

ஞாயிறு மதியம் பாயே மூன்றாவது டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசல் தாண்டியதும் எதிலோ இடித்துக்கொண்டு, "யா அல்லா!" என்று கத்தினார்.

வெல்டர் வீடுகளில் ஒரு வைத்தியம் உண்டு. ஆர்க், அதாவது வெல்டிங் வெளிச்சம், அடித்த கண்ணை இருட்டில் வைக்க வேண்டும். பச்சையம்மா அதை டிவிக்கும் சேர்த்தே கடைப்பிடித்து வந்தாள். ஜன்னலுக்குக் கம்பளி, ட்யூப்லைட் கிடையாது, கதவு சாத்தல். புருஷன் கண் மேல் அவ்வளவு பாசம்.

"இன்னாம்மா இது, குகையாட்டம் கீது! பிளக் பாயிண்டே தெர்ல!" பாய் ட்யூப்லைட்டைப் போட்டார், கம்பளியைப் பிடுங்கி அவள் கையில் திணித்தார். டிவியை மாட்டி முடிக்கவும் மாயா மைதானத்துக்குள் ஓடி வரவும் சரியாக இருந்தது. அப்புறம் கம்பளியை யார் நினைத்தார்கள்!

பாதி ஆட்டம் முடிந்தது. ஜெயவேலு கண்ணைக் கசக்கவே இல்லை. பாய் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு ட்யூப்லைட்டைப் பார்த்தார்.

"அட, என் கடையில எப்பவும் லைட்டு எரியுதே! கும்மிருட்டுல அம்மாம் வெளிச்சத்த மூஞ்சில அடிச்சிகினா எரியாம இன்னா பண்ணும்?"

பச்சையம்மா கம்பளியை மூலையில் வீசினாள். "அய்யோ, நானாய்யா ஒன் கண்ண நோவடிச்சேன்?"

"சும்மா கெட. எனக்கோசரம்தானே பண்ண? ஒக்காரு, பொண்ணு ஆடறா."

மாயாவின் அணி தோற்றுப்போனது. சாயங்காலம் போன் வந்தது.

"நைனா, தோத்துட்டோம்." அவ்வளவுதான். பாத்தியா என்று அவள் கேட்கவே இல்லை. ஜெயவேலு தானே ஆரம்பித்தார்.

"ரெண்டாவது கோலு வாங்கசொல்ல, இடது கை கிளவுஸுல பட்டை அவுந்து தொங்கிகினு இருந்துச்சே. பச்சை கிளவுஸு. அத்த ஏம்மா கட்டல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நைனா... மெய்யாலுமே பாத்தியா?"

"பாத்தேன்டி கண்ணு. ஒன் மூக்குல ஒட்டிகினு இருந்த மண்ணு வரைக்கும் பாத்தேன்."