உம்மணாமூஞ்சிக் கடைக்கு ஒரு மாற்று

உம்மணாமூஞ்சி கடையை மூடிவிட்டான் என்று என் வீட்டுக்காரர் ஃபோனில் சொன்னபோது, நான் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதை அணைக்க மறந்து, "அடப்பாவி, கழுத்தறுத்துட்டானே!" என்று கத்திவிட்டேன். நிலையம் முழுக்கக் கேட்டது. மேலாளர் அறையிலிருந்து ஓடி வந்தார்.

எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாளெல்லாம் அறிவிப்பதுதான் என் வேலை. உம்மணாமூஞ்சி நிலையத்தின் பின்வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்தவன். உருளைக்கிழங்கை வேகவைத்து நசுக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, மிளகு தூவிப் புரட்டித் தருவான். சிரிக்க மாட்டான், பேச மாட்டான். தட்டை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வான். என் வேலை முடியும்வரை வீட்டுக்காரரும் எங்கள் மகளும் தினம் மாலை அங்கேதான் காத்திருப்பார்கள். அவர் ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பார், அவள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து வயது. அவள் வயிற்றில் ஒழுங்காக இறங்கியது அந்த ஒரு தட்டுதான். வீட்டில் நான் எதைச் சமைத்து வைத்தாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். "வாயைத் திற, மெல்லு, முழுங்கு" என்று கத்திக் கத்தி, ஒலிபெருக்கியில் போகாத தொண்டை வீட்டில் போய்விடும்.

கடை மூடிய பிறகு அவள் கன்னம் ஒட்டிப்போனது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, "அடுத்த தடவையும் இறங்கியிருந்தா அட்மிட் பண்ணி, மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அதே உருளைக்கிழங்கு முட்டையை வேறு கடையில் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

வீட்டுக்காரரை மட்டும் நம்பி அனுப்ப முடியாது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. மாலை ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு நானே முன்னால் நடந்தேன்.

மார்க்கெட் வாசலில் ஒரு அம்மா கடை வைத்திருந்தார். சுண்டெலியைப் பார்த்ததும் உருகிப்போனார். "என் ராசாத்தி, எலும்பும் தோலுமா இருக்கியே! ஆ காட்டு, ஆ..." என்று கரண்டியோடு குனிந்தார். இந்தப் பக்கம் நானும் குனிந்தேன். "ஒரே ஒரு வாய்டி, தங்கம்!" பக்கத்தில் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட ஆளாளுக்கு 'ஆ' காட்டினார்கள். அவள் மட்டும் காட்டவில்லை.

தியேட்டர் பக்கத்துக் கடையில் மிளகைக் குறைத்துப் போடச் சொன்னேன். முட்டையைக் கூட்டச் சொன்னேன். கிழங்கை இன்னும் நசுக்கச் சொன்னேன். கடைக்காரர், "நீங்களே வந்து கிண்டுங்க" என்று கரண்டியை நீட்டினார். நானும் போய்க் கிண்டினேன். சும்மா சொல்லக்கூடாது, உம்மணாமூஞ்சியுடையதைவிட ருசி. சுண்டெலி தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் உம்மணாமூஞ்சியின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். முட்டி வலி தாங்காமல் மகன் வீட்டோடு போய்விட்டானாம்.

"அதுல என்னங்க போடுவீங்க?"

"உப்பு, மிளகு."

"ரகசியமா வேற ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எம் பொண்ணு உங்க கடையில மட்டும் எப்படிங்க சாப்பிட்டா?"

"அவ சாப்பிட்டு நான் பாத்ததில்லையேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். "பாத்தீங்களா அவன் கொழுப்ப! தினம் வந்த புள்ளைய ஒரு நாள்கூட பாக்கலையாம்!" என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ஃபோனை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

டாக்டரிடம் போவதற்கு முந்தின மாலை, பெட்ரோல் பங்க் அருகே ஒரு வண்டியைக் கண்டோம். நீள வரிசை. இரண்டு தட்டு சொன்னேன். முதல் தட்டு வந்ததும் சுண்டெலியை ஸ்டூலில் உட்கார வைத்து, "இன்னிக்கு சாப்பிடலேன்னா அம்மாவைப் பாக்கவே மாட்டே, ஆமா!" என்று மிரட்டிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினேன். அதற்குள் டை கட்டிய ஒருவர் பக்கவாட்டில் புகுந்து என் தட்டை வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்.

"ஏங்க, நாங்கள்லாம் வரிசையில கோலாட்டமா ஆடிட்டு நிக்கிறோம்? கழுத்துல துணியைக் கட்டிட்டா கண்ணு தெரியாதா?" அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விடவில்லை. கடைக்காரரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ நாளாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த மனிதர் தலையில் விடிந்தது.

வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். சமாதானத்துக்கு வருகிறாராக்கும் என்று உதறினேன். அவர் காதருகே வந்து, "திரும்பாத. சாப்பிடறா" என்றார்.

முதுகுக்குப் பின்னால் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசியது.

உம்மணாமூஞ்சி சொன்னது அப்போதுதான் உறைத்தது. நானும், அந்த மார்க்கெட் அம்மாவும், ஊரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரையும்விட நான்தான். பெற்றவள் பார்க்காவிட்டால்தான் என் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்குகிறது. சந்தோஷத்திலா வேதனையிலா தெரியவில்லை, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

டைக்காரர் பயந்துபோனார். "அழாதீங்க சிஸ்டர். தப்புதான், மன்னிச்சிடுங்க. இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க" என்று தட்டை நீட்டினார்.

"அவ்வளவுதாங்க்கா, விடுங்க. பிரச்சினை முடிஞ்சுது" என்றார் கடைக்காரர்.

முடியக்கூடாதே! சண்டை முடிந்தால் நான் திரும்ப வேண்டும். திரும்பினால் பார்ப்பேன். பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. என்னை எனக்குத் தெரியாதா?

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று வீட்டுக்காரரிடம் உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"பாதித் தட்டு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு டைக்காரர் பக்கம் ஓரடி நகர்ந்தேன். "மன்னிப்பு கேட்டா ஆச்சா? எங்க போறீங்க? நில்லுங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."