கொட்டை எழுத்தில் நெய்

பிள்ளையார்பாளையத்தில் சபாபதி வீட்டுத் தறிகள் காலைப் பேப்பர் படித்த பிறகுதான் ஓடும். பக்கத்துத் தறிக்காரர் ராஜவேலு தலைப்புகளை உரக்கப் படிப்பார். நாலாவது தலைப்பு முடிவதற்குள் எல்லாரும் தறிக்குழியில் இறங்கி மிதிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் இடியே விழுந்தாலும் கேட்காது. தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன இருந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் முதல் தலைப்பே இதுதான்: 'நெய்தான் எமன்! மாரடைப்புக்குக் காரணம் கண்டுபிடிப்பு.' கூடவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஒருவரின் படம்.

சாயங்காலமே சபாபதி நெய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அது சும்மா நெய்யா? மகள் ஏலவார்குழலி பிள்ளை பெற்றுப் பத்து நாள். பிரசவ லேகியம் கிளறுவதற்கென்று மனைவி நீலாம்பாள் இரண்டு மாதமாக வெண்ணெய் சேர்த்து உருக்கி வைத்திருந்தது.

"பச்ச உடம்புக்காரிக்கு வச்சிருந்தத குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே, இது இன்னா நியாயம்?"

"பேப்பர்ல போட்டுக்கிறான் நீலா. நமக்கு இருக்கறது ஒரே பொண்ணு. ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

பயந்துபோன மனுஷனை என்னவென்று திட்டுவது? "சாமிக்கு மட்டும் மாரடைப்பு வராதாமா" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"லேகியம் எப்பம்மா குடுப்ப?" என்று மகள் கேட்டாள். நீலாம்பாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சுக்கு உலர்த்தப் பழைய பேப்பரை விரித்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. நீலாம்பாள் அஞ்சாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனாலேயே ஓர் எழுத்தையும் விடமாட்டாள். படித்து முடித்தவள் நேரே தறிக்கூடத்துக்குப் போனாள்.

"தறிய நிறுத்துங்கபா."

நிறுத்தினார்கள். அவள் விரல் வைத்துப் படித்தாள். வெளிநாட்டில் முயல்களுக்கு முட்டையின் மஞ்சள் கருவில் எடுத்த கொழுப்பைப் பல வாரம் கொடுத்தார்கள். முயல்களின் ரத்தக் குழாய்கள் தடித்தன. மனிதர்களுக்கு இது பொருந்துமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

"அவ்ளோதான். தின்னது முயலு. நெய்யின்னு ஒரு வார்த்த இல்ல."

ராஜவேலு வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆமாண்ணே, தலைப்புலதான் நெய்யி. பக்கத்துலயே நெய்யிக்குப் பதிலா விக்கற வனஸ்பதி விளம்பரம் வேற இருக்குது."

"முந்தானைய மட்டும் பாத்துட்டுப் புடவ எடுக்கறவங்கள நீங்க இன்னா திட்டு திட்டுவீங்க?" என்று நீலாம்பாள் புருஷனைக் கேட்டாள்.

சபாபதி சைக்கிளை எடுத்தார். உச்சிவேளைக்குள் மாடு வைத்திருக்கும் ஏனாத்தூர் முனிசாமி வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய வெண்ணெயோடு வந்து சேர்ந்தார். உருக்கும்போது முருங்கைக்கீரை போட்ட வாசனை தெருக்கோடி வரை போனது. நீலாம்பாளுக்கு அப்போதுதான் மனசு குளிர்ந்தது.

மகள் முதல் உருண்டையை வாயில் போட்டாள். சபாபதி வாசற்படியில் நின்று அவளையே பார்த்தார்.

"இன்னாப்பா பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்புடு."

அவள் விழுங்கி, இன்னொன்றுக்குக் கை நீட்டிய பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

மறுநாள் காலை ராஜவேலு முதல் தலைப்பைப் படித்தார். ஆட்கள் குழியில் இறங்கியிருந்தார்கள், ஆனால் ஒருவரும் மிதிக்கவில்லை.

"கீழ முயலு இருக்குதான்னு பாருப்பா" என்றார் சபாபதி.