ஒன்பதாம் டோக்கனுக்குப் பிறகு

வெயில் அடிக்கும்போதே சாரல் விழுகிறது. தென்காசியில் ஆனி மாதம் இப்படித்தான். ஒளியும் நீரும் ஒன்றாக இறங்குகின்றன.

அவள் பெயர் பரிமளா. தனியாக இருக்கும்போது அந்தப் பெயர் எனக்கு வருகிறது. சுவரிடம் சொன்னால் வருகிறது. குளிக்கும்போது பாட்டாகப் பாடினால் வருகிறது. அவள் எதிரே நின்றால் மட்டும் வருவதில்லை.

ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

'ப' மிக எளிய ஒலி. உதடுகள் மூடும். பின்னால் காற்று சேரும். உதடுகள் திறந்ததும் காற்று வெளியேறும். அவ்வளவுதான்.

எனக்கும் உதடுகள் மூடுகின்றன. காற்று சேர்கிறது. பிறகு திறக்க மாட்டேன் என்கின்றன.

நான் திக்குவேன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. சொல் வராது என்று தோன்றியதுமே வேறு சொல்லுக்குத் திரும்பிவிடுவேன். பால் வேண்டாம், டீ. பழம் வேண்டாம், இளநீர்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. பெயர் சொல்லி அழைக்க முடியாமல்தான் அங்கே டோக்கன் கொண்டுவந்தேன். ஒன்பதோடு டோக்கன் முடியும். மறுபடி ஒன்று. பத்து, பதினொன்று எல்லாம் 'ப'வில் தொடங்குகின்றன.

பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது.

எதிரே மருந்துக்கடையில் இருக்கிறாள் பரிமளா. சாரல் சீசன் தொடங்கியபோதுதான் பழக ஆரம்பித்தோம். "இங்க கேளுங்க" என்பேன். திரும்புவாள். திரும்பும் முகத்தில் நாளுக்கு நாள் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

இன்று மாலை, பஸ் நிறுத்தத்தில் கேட்டுவிட்டாள்.

"எல்லாருக்கும் டோக்கன் குடுக்கீகல்லா? எனக்கும் ஒண்ணு குடுங்க. நம்பரச் சொல்லியாவது கூப்புடலாம்லா."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"எம் பேரச் சொல்லக் கூசுதோ? நாலு பேரு கேட்ருவாகன்னா? முன்னால ஒருத்தன் என்னைய இப்படித்தான் ஒளிச்சு வச்சிருந்தான். இன்னொரு தடவ என்னால முடியாது. பஸ் வந்ததும் போயிருவேன். அதுக்குப் பொறவு பேச வராதீக."

மாற்றுச் சொல் தேடினேன். இல்லை.

உதடுகளை மூடினேன். காற்று சேர்ந்தது. கண்கள் தாமாக இறுகின. கழுத்து இழுத்தது, தாடை நடுங்கியது. இந்த முகத்தை நான் கண்ணாடிக்குக்கூடக் காட்டியதில்லை.

கண் திறந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானா?" என்றாள், மெதுவாக. "ஏன் சொல்லல?"

போய்விடுவீர்கள் என்று பயம். அதுவும் 'ப'. அதுவும் வரவில்லை.

"தெரிஞ்சா... விட்ருவீகன்னு" என்றேன்.

பஸ் வந்தது. நின்றது. போனது. அவள் ஏறவில்லை. என் பக்கம் நகரவும் இல்லை. அவள் பார்வையில் இருந்தது இரக்கமா, யோசனையா? இரக்கமென்றால் எத்தனை நாளைக்கு?

பள்ளிக்கூடத்தில் காலை உறுதிமொழியின்போது எனக்குத் திக்கியதே இல்லை. எல்லோருடைய குரலோடும் என் குரல் ஓடும். காரணம் முழுதாகத் தெரியாது. பக்கத்தில் இன்னொரு குரல் இருந்தால், என் குரல் தான் தனியாகத் தொடங்க வேண்டியதில்லை என்று நம்பிவிடுகிறதோ என்னவோ.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உதவி கேட்டதும் இல்லை. கேட்டேன்.

"எங்கூடச் சேந்து சொல்லுதீகளா?"

நாளை அவள் வீட்டார் முன்னால் என்ன செய்வேன், தெரியாது. சாரல் நின்ற பிறகும் அவள் இருப்பாளா, தெரியாது.

அவள் உதடுகள் மூடின. என் உதடுகளும் மூடின.

இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் வருகிறது.