ஒன்பதாவது வீட்டின் தாழ்ப்பாள்

டோன்யா எர்லிந்தா, போரால் விரட்டப்பட்டவர்களுக்கான பங்குக் கோயில் கருணைக் குழுவின் தலைவி. அவருடைய கருணைக்கு நேரம் உண்டு: வியாழன்தோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை.

ரொசெந்தா வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. ராணுவம் அவள் ஊரைக் கொளுத்தி, புருஷனையும் ஊர்ச் சாமியாரையும் சுட்டுப்போட்ட பிறகு, காய்ச்சலில் கொதித்த நான்கு வயது மாத்தில்தேயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று நாள் மலையிறங்கி வந்திருந்தாள். பங்கு மண்டபத்தில் ஒரு மூலை கேட்டாள்.

"கல்யாணச் சான்றிதழ்? உங்க ஊர்ச் சாமியார் கடிதம்?" என்றார் டோன்யா.

"சாமியாரையே கொன்னுட்டாங்கம்மா."

"ஐயோ பாவம். சரி, வியாழக்கிழமை குழு கூடும், வா."

குழு கூடியது, ஏகமனதாக இடம் ஒதுக்கியது. மாத்தில்தே புதனன்றே, மண்டபத்துக்கு வெளியே சாரலில், இறந்துபோயிருந்தாள்.

டோன்யா ரொசெந்தாவைத் தன் சமையலறையில் சேர்த்துக்கொண்டார். ஏழு மாதமாக, வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவளைக் காட்டி, தன் இரக்க குணத்தைப் பற்றிக் கண்கலங்கினார். டிசம்பரில், குடில் கண்காட்சிக்காக மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லிப் பதினோரு குடும்பங்களுக்கு உத்தரவு போட்டார். மாட்டுத் தொழுவம் கட்ட இடம் வேண்டுமாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இருட்டும் நேரத்தில், இயேசு பிறக்க இடம் தேடிய சூசை, மரியாள் சிலைகளைச் சுமந்து ஒன்பது இரவும் இரவுக்கொரு வீடாகப் போகும் பவனி, ஒன்பதாவது வீடான டோன்யாவின் வீட்டுக்கு வந்தது. வெளியே நிற்பவர்கள் பாட்டாலேயே இடம் கேட்பார்கள்; உள்ளே இருப்பவர்கள் பாட்டாலேயே விரட்டுவார்கள்; கடைசி அடியில் கதவு திறக்கும். குரல் கணீரென்றிருந்ததால் விரட்டும் பாட்டு ரொசெந்தாவுக்கு. தலைநகரிலிருந்து வந்திருந்த கத்தோலிக்க ஆயர் பக்கத்தில் நிற்க வேண்டுமென்று டோன்யா வெளியே.

பவனிக்காரர்கள் தட்டிய ஆமையோட்டு மேளம் ஓய்ந்தது. கடைசி அடியும் முடிந்தது. கதவு திறக்கவில்லை.

"கல்யாணச் சான்றிதழ் இருக்கா?" என்றது உள்ளிருந்து குரல்.

கூட்டம் சிரித்தது. ஆயர் பூரித்துப்போனார். "அருமையான கற்பனை, டோன்யா! ஒரு மறையுரைக்குச் சமம்!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம், ஆண்டவரே" என்ற டோன்யா, கதவிடுக்கில் வாயை வைத்துச் சீறினார். "திறடி! பட்டெல்லாம் நனையுது!"

"ஊர்ச் சாமியார் கடிதம்?"

இப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"சரி, காகிதம் வேண்டாம்மா. மண்டபத்து வாசல்ல செத்துச்சே என் பொண்ணு, அது பேரு என்ன? சொல்லுங்க, திறக்கிறேன்."

ஆமையோட்டில் இருந்த கைகள் தாமாகவே இறங்கின.

"மரியா" என்றார் டோன்யா. இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும் பதில்.

"இல்ல."

"ரோசா? குவாதலூப்பே?"

"புனிதர் காலண்டரைக் கொண்டாரச் சொல்லவாம்மா? ஒவ்வொண்ணாப் படிச்சுப் பாருங்க."

யாரோ பின்வரிசையில் கெக்கலித்தார்கள். ஆயருக்கு இது கற்பனை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் டோன்யாவை ஒரு தரம் பார்த்தார். நனைந்த சூசையையும் மரியாளையும் ஒரு தரம் பார்த்தார். "இவங்களுக்கு இடம் கொடுக்கிற வீடு வேற எங்கே இருக்கு?" என்றார்.

"மண்டபத்துல. அந்தப் பதினோரு குடும்பமும் இன்னும் காலி பண்ணலை" என்றாள் ஒரு கிழவி. மேளம் திரும்பியது, பவனியும் திரும்பியது. மண்டபத்துக் கதவு பாட்டுத் தொடங்குமுன்னே திறந்த சத்தம் இங்கு வரை கேட்டது. ஆயர் கையால் சூசையும் மரியாளும் குடியேறிய இடத்தை இனி எந்தக் குழு கூடிக் காலி செய்யும்?

டோன்யா மட்டும் வாசலில் நின்றார்.

"ரொசெந்தா, கண்ணு, குளிருது. நாளைக்குப் பேசிக்கலாம்."

"பேரு?"

சாரல் பெய்துகொண்டிருந்தது. ரொசெந்தாவுக்கு நெஞ்சு ஆறவில்லை, ஆறாதென்று தெரியும். விடிந்தால் வேலையும் இல்லை. ஆயருக்கென்று எடுத்துவைத்த, சோள மாவுக் கொழுக்கட்டையான தமாலின் இலையை நிதானமாகப் பிரித்து, தாழ்ப்பாளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சூடாறுமுன் சாப்பிட ஆரம்பித்தாள்.