ஒன்பது நிமிடத்துக்கு ஒரு மடக்கு

மதியம் இரண்டு மணிக்கு நசீமா மூன்றாவது முறையாகத் தண்ணீரை நீட்டினாள். அவள் கணவர் சாஸோன் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். தண்ணீர் குறைந்தால் மிச்சமிருக்கிற ஒற்றைச் சிறுநீரகமும் நின்றுவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

"அறுபது வருஷத்துல ஒரு யோம் கிப்பூர் நோன்பு விட்டதில்ல. பட்டாளத்துலகூட விட்டதில்ல. இப்ப கடவுள் முன்னாடி குடிச்சுக்கிட்டு நிக்கவா?"

"நிக்க வேணாம், படுத்துக்கிட்டே குடிங்க."

அவர் சிரிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது, கண் செருகியது. நசீமாவும் நேற்று மாலையிலிருந்து பட்டினிதான். தோல் ஆகாத நாள் என்பதால் துணிச்செருப்பை மாட்டிக்கொண்டு, மின்சாரம் இயக்கக் கூடாதென்று லிஃப்டைத் தொடாமல் நான்கு மாடி இறங்கினாள். அந்தப் புனித நாளில் ஒரு வண்டிகூட ஓடாத பெருஞ்சாலை முழுக்கப் பிள்ளைகள் சைக்கிளோடு கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஜெபக்கூடத்துக்கு ஓடினாள்.

அங்கே குருவாக இருந்த ரப்பி எலிஷாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 'நேத்துப் பொறந்த ரப்பி' என்று சாஸோன் கிண்டலடிப்பது ராமத் கான் ஊர் முழுக்கத் தெரியும். விடிந்ததிலிருந்து நின்று ஜெபித்தவனுக்கு அன்று கிடைத்த ஓய்வே ஜெபங்களுக்கு நடுவிலான அந்த ஒரு மணி நேரம்தான். "வாங்க மாமி," என்று உடனே எழுந்தான். அவள் பின்னால் படியேறும்போது மூன்றாவது மாடியில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தான்.

"மாமா, உங்களுக்கு இன்னிக்குக் குடிக்கிறதுதான் கட்டளை. பட்டினி கிடந்தா அது நோன்பு இல்ல, பிடிவாதம்."

"நேத்துப் பொறந்த பய. உனக்கென்ன தெரியும்?"

"நேத்துப் பொறந்ததாலதான் நாலு மாடி ஏறி வர முடிஞ்சுது."

நசீமா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். எலிஷா சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒரு கன்னம்கூட நிறையாத அளவு ஊற்றினான். "இவ்வளவுதான். ஒன்பது நிமிஷம் விட்டு மறுபடி இவ்வளவு. இந்த அளவு தாண்டலேன்னா நோன்பு முறிஞ்ச கணக்கில்ல."

சாஸோன் அவன் நீட்டிய கோப்பையைப் பார்த்தார். பிறகு அவன் பேசும்போது தெரிந்த வெளுத்த நாக்கைப் பார்த்தார்.

"நீ காய்ஞ்சுகிட்டு எனக்கு ஊட்டறியே. வெக்கமா இருக்குடா."

"கடவுள் எனக்குக் கொடுத்தது பட்டினி. உங்களுக்குக் கொடுத்தது தண்ணி. நாம மாத்திக்க முடியாது மாமா."

சாஸோன் முழங்கையை ஊன்றி எழுந்தார். தலையில் குல்லாயைச் சரிசெய்து, தண்ணீர் குடிக்குமுன் சொல்லும் ஆசியை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிவிட்டுக் குடித்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

"போ. ஜெபத்துக்கு ஆளுங்க காத்திருப்பாங்க."

"ஒன்பது நிமிஷம் ஆகட்டும்."

ரப்பி சுவரில் தலையைச் சாய்த்தான். காலிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வறண்ட உதடுகளோடு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.