கண்டம் கழிந்த வண்டி

உதவாத வண்டியைப் பட்டறைக்காரர்கள் 'கண்டம்' என்பார்கள். ஜோசியர் சொல்லும் கண்டத்துக்காவது பரிகாரம் உண்டு. சூப்பர்வைசர் பொன்னுத்துரை எழுதிவிட்ட கண்டத்துக்கு அதுவும் கிடையாது. வண்டி நேரே ஏலத்துக்குப் போகும். பழைய இரும்பு விலைக்கு அவர் மச்சினன் எடுத்துக்கொண்டு போவான். இதற்கு முன்னால் இரண்டு வண்டிகள் அப்படித்தான் போயின.

அறுபத்தொன்றாம் வருஷம் அவர் கண் வைத்தது, திண்டுக்கல் சர்க்கார் பட்டறையில் உருப்படியாக இருந்த ஒரே புல்டோசர் மேல். எரியோட்டில் விவசாயி பெரியகருப்பனின் மேட்டுக்காட்டைச் சமன்படுத்தப் போன இடத்தில் அது சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் சேக் பரீது நான்கு நாள் வெயிலில் கிடந்து, எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, எரிந்த கேஸ்கெட்டை மாற்றி, ஓட்டியும் பார்த்துவிட்டார். மறுநாளே பொன்னுத்துரை ஒரு காகிதத்தோடு வந்தார். எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது, வண்டி கண்டம் என்று அதில் எழுதியிருந்தது. மெக்கானிக்கின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பரீது ஆறு வருஷமாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் பைல் பொன்னுத்துரையின் மேசையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் பைல் நாளைக்கே எழுந்து நடக்கும் என்று பல்லைக் காட்டினார் பொன்னுத்துரை. பரீது மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மனைவி அஜீஸுன்னிசாவிடம் என்ன சொல்வது என்ற கவலை அதற்கப்புறம்தான் வந்தது.

அடுத்த நாள் மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வண்டியைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டால் போதும் என்று பரீது விடிந்ததும் எரியோட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், மேக்னெட்டோவைக் காணோம். பெரிய டீசல் எஞ்சினை முடுக்கிவிடப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின் உண்டு. அதற்குப் பொறி கொடுக்கும் சாமான் அது. நேற்றுச் சாயங்காலம் சூப்பர்வைசர் ஐயாவே வந்து எதையோ கழற்றிக்கொண்டு போனார் என்றார் பெரியகருப்பன். எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள்.

பரீது மூடியைச் சாத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். டீசலுக்குப் பொறி வேண்டாம், எஞ்சினைச் சுற்றிவிட்டால் போதும். யார் சுற்றுவது? வண்டி நின்றது மேட்டின் உச்சியில். கீழே தோட்டத்துக் கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கி இறங்கித் தண்ணீரை மேலே இழுத்தன.

"அப்பு, ஊர்ல கமல மாடு எத்தன சோடி இருக்கும்?"

"பன்னெண்டு இருக்கும். எதுக்கு பாய்?" என்றார் பெரியகருப்பன்.

"அம்புட்டையும் பத்திட்டு வாங்க. வடத்தையும் கொண்டாங்க."

அதிகாரியின் ஜீப் வந்தபோது, முன்னால் மண் தள்ளும் பிளேடை ஜாக்கியால் தூக்கிச் சங்கிலியில் கட்டியிருந்தது. முன்கொக்கியில் நீள நீளமான வடங்கள். பன்னிரண்டு சோடி மாடுகள் இறக்கத்தைப் பார்த்து நின்றன. பிளாக் வெடித்த சர்க்கார் வண்டியை மாடு கட்டி இழுப்பதா என்று பொன்னுத்துரை குதித்தார். பரீது காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து கையை வீசினார். சாட்டைகள் சொடுக்கின. வடங்கள் முறுகின. வண்டி அசைந்தது, நகர்ந்தது, வேகம் பிடித்தது. பரீது கிளட்சை விட்டார். ஒரு இருமல், இரண்டு இருமல், குபீரென்று கரும்புகை. மாட்டுக்காரர்கள் வடத்தை உருவிக்கொண்டு விலகி ஓட, பரீது பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, எஞ்சின் நிற்கவில்லை.

பிளாக் வெடித்த வண்டியா இது என்று அதிகாரி கேட்டார். பொன்னுத்துரை அவர் பக்கமே திரும்பாமல், அனுமதியில்லாமல் வண்டியை எடுத்தவனுக்கு நாளை முதல் வேலை கிடையாது என்று பரீதைப் பார்த்துக் கத்தினார். தினக்கூலிக்காரனை நிறுத்த அவர் வாய் ஒன்று போதும்.

பரீது மேலே இருந்தபடியே குனிந்து பார்த்தார்.

"என்னையக் கண்டம்னு எழுதிக்கங்க சார். அதுக்கு இப்பவே கையெழுத்துப் போடுறேன். ஓடுற வண்டிய எழுதாதீங்க."

அதிகாரி பொன்னுத்துரையிடம் அந்தக் கண்டக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பரீது அதைக் கவனிக்கவில்லை. நாளை முதல்தானே வேலை இல்லை, இன்றைக்கு இருக்கிறதே. சங்கிலியை அவிழ்த்து, பிளேடை இறக்கி, பெரியகருப்பனின் காட்டில் விட்ட இடத்திலிருந்து மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.